செருகுக்கட்டை

ஈசுகா, சிக்குஹோ
1958 அக்டோபர் 19

அன்புள்ள நுயி அக்காவுக்கு,

செண்டாயில் இந்நேரம் குளிர் இறங்கியிருக்கும். உன் முழங்கால் படியேற ஒத்துக்கொள்கிறதா? இங்கே ஓங்கா ஆறு எப்போதும்போல் கறுப்பாக ஓடுகிறது. நானும் எப்போதும்போல் இருக்கிறேன். பனிச்சை மரம் இந்த ஆண்டு கிளை தாழக் காய்த்திருக்கிறது. காற்று வறண்டதும் தோல் சீவிக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

பெரிய கம்பெனி ஆகஸ்டில் எங்கள் கரிக்குழியை மூடியதை எழுதியிருந்தேன். மொரியோவும் வேறு நால்வரும் சேர்ந்து தெற்குப் பாதையை மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். கம்பெனி அதை ஏன் அவ்வளவு எளிதாக விட்டது என்பது பிறகுதான் புரிந்தது. கரிப்படுகையை வெட்டிக்கொண்டு போனால் குறுக்கே வெளிறிய கல்சுவர் ஒன்று நிற்கிறதாம். என்றோ பூமியின் அடியிலிருந்து குழம்பாக எழுந்து, படுகையைப் பிளந்து, அங்கேயே உறைந்துபோனதாம். அதைத் தொட்டிருந்த கரியெல்லாம் அன்றே வெந்துவிட்டது. இங்கே அதை விசிறிக்கல் என்பார்கள். பார்வைக்குக் கரிதான், அடுப்பிலிட்டால் சுடரும் இல்லை, புகையும் இல்லை. கை ஓய விசிறினால் மனமிரங்கிச் சற்றுக் கனலும். சுண்ணாம்புக் காளவாய்க்காரர்களைத் தவிர வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.

"சுவருக்கு அந்தாண்ட நல்ல கரி இருக்கும்மா" என்கிறான் மொரியோ. "நீ போய்ப் பார்த்தியா?" என்றால், "பார்க்கத்தானே போறேன்" என்கிறான். அவன் அப்பாவை எந்தக் குழியிலிருந்து தூக்கி வந்தார்கள் என்பது உனக்கு மறந்திருக்காது.

மோஜியில் சிமெண்ட் ஆலையில் அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். புத்தாண்டு வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம். அவன் உனக்குக் கல் அனுப்பப்போகிறான். சோதித்துப் பார்த்து, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று எழுதிவிடு. சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் அப்படியே எழுது. உன் வார்த்தை ஒன்றைத்தான் அவன் கேட்பான்.

முப்பத்தாறு வயதாகிறது. குளித்துவிட்டு வந்தால் துண்டை இன்னும் சுருட்டி மூலையில்தான் எறிகிறான். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பாததற்குத் துண்டும் ஒரு காரணம் என்று ஊரில் பேச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தமி


ஈசுகா
1958 அக்டோபர் 26

பெரியம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால், பல், கோபம் மூன்றும் நலமா? எனக்கு முதுகைத் தவிர எல்லாம் நலம்.

தேயிலை டப்பாவில் மூன்று பொட்டலம் அனுப்புகிறேன். முதலாவது சுவரை ஒட்டி எடுத்தது. இரண்டாவது சற்றுத் தள்ளி. மூன்றாவது இன்னும் தள்ளி. சுவர்க்கல்லிலும் ஒரு துண்டு இருக்கிறது. டப்பாவைத் திருப்பி அனுப்பவும், அம்மா தேடுகிறாள்.

நான் பொட்டலம் கட்டுவதைத் தொராகிச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐவரில் மூத்தவர் அவர்தான். "கல்லுகிட்ட பேசறதுக்கு ஒரு கிழவியை வச்சிருக்கியாமே?" என்றார். "பேச மாட்டாங்க, மிரட்டுவாங்க. கல்லு தானா உண்மையைக் கக்கிடும்" என்றேன். "அப்படின்னா என் வீட்டுக்காரியையும் ஒரு பொட்டலமாக் கட்டி அனுப்பிடு" என்றார்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். சுவருக்கு அப்பாலும் படுகை தொடர்கிறதா? அங்கேயும் எல்லாம் வெந்துபோயிருக்குமா, நல்ல கரி மிஞ்சியிருக்குமா? அம்மா உங்களிடம் என்ன கேட்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். உங்களையும் எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மொரியோ


செண்டாய்
1958 நவம்பர் 10

தமிக்கு,

பருவநிலையைச் சொல்லித் தொடங்காவிட்டால் அது கடிதமாகாது என்பார்கள். மழை பெய்கிறது. சொல்லிவிட்டேன். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, நான் அதைக் கேட்பதுமில்லை.

நீ கேட்டதைச் செய்யமாட்டேன்.

பொய் சொல்வதற்கென்றே நம் வீட்டில் ஓர் உளி இருந்தது, நினைவிருக்கிறதா? சீனப் போரின்போது அப்பா மரப்பலகையில் செதுக்கி, மூன்று தாள் இணைந்த போர்ப்படங்களை அச்சிட்டுப் பணம் பார்த்தார். டோக்கியோவைவிட்டு ஒருநாளும் வெளியே போகாத ஓவியர், செய்தித்தாளில் வந்த தந்தியைப் படித்துவிட்டுக் கடற்போர் வரைவார். சிவப்பு மட்டும் தாராளமாக இருக்கும். குதிரைமேல் பேரரசர், தோட்டத்தில் பேரரசி, மருத்துவமனையில் பேரரசி. பத்தாண்டு கழித்து ரஷ்யப் போர் வந்தபோது புதுப் பலகை செதுக்க அவரிடம் வசதி இல்லை. பழைய பலகையில் வேண்டாத இடத்தை வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் வேறொரு மரத்துண்டைச் செருகி, அதன்மேல் புதிதாகச் செதுக்கினார். சீனத் தொப்பி இருந்த இடத்தில் ரஷ்யத் தாடி முளைத்தது. செருகுக்கட்டை. தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அண்ணன் யசுகிச்சி இறந்த செய்தியைச் சொல்ல அவன் தோழன் ஒருவன் கடைவாசலுக்கு வந்தான். அம்மா உள்ளே இருந்தாள். அப்பாவும் நானும் மட்டும் கேட்டோம். போரில் அல்ல. கால்கள் வீங்கி, கப்பலின் அடித்தட்டில், வெள்ளையரிசிச் சோற்றை மட்டும் தின்று வந்த நோயால் செத்தான். பக்கத்தில் யாருமில்லை. அப்பா அன்றே பேரரசி மருத்துவமனைக்கு வந்த பழைய பலகையை எடுத்தார். கட்டிலில் கிடந்த ஒரு வீரனின் தலையைப் பெயர்த்தார். அந்தக் குழியில் அண்ணனின் தலையைச் செருகினார். பேரரசி தன் மகனைக் குனிந்து பார்த்தார் என்று அம்மா சாகும்வரை நம்பினாள். உனக்கு அப்போது எட்டு வயது. பிறகு நான் சொல்லித்தான் நீயும் தெரிந்துகொண்டாய்.

எனக்குப் பதினைந்து. அந்த வேலை அப்பாவோடு போகட்டும் என்று அன்றே முடிவு செய்தேன். சோதனையில் கண்டதை உன் மகனுக்குத் தனியே எழுதுகிறேன். அவன் குழந்தையல்ல; துண்டு விஷயத்தில் தவிர.

பனிச்சம்பழம் காயவைக்கும்போது காம்பை நீளமாக விட்டு வெட்டு. சென்ற ஆண்டு பாதி கயிற்றிலிருந்து கழன்றுவிட்டன.

நுயி


செண்டாய்
1958 நவம்பர் 10

மொரியோவுக்கு,

மூன்றும் நலமே. டப்பா தனியே வருகிறது.

என்னிடம் படித்தவள் ஒருத்தி இப்போது பல்கலைக்கழகச் சோதனைச்சாலையில் இருக்கிறாள். அவளுடைய மூசையையும் உலையையும் கடன் வாங்கினேன். முதல் பொட்டலத்தில் ஆவியாக எழக்கூடியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. கல்லின் சூடு எல்லாவற்றையும் ஏற்கெனவே விரட்டிவிட்டது. இரண்டாவதில் சிறிது மிஞ்சியிருக்கிறது. மூன்றாவது நல்ல கரி.

சுவர் நேர்நிமிர்ந்து நிற்பதாகவும் அதன் இருபுறமும் படுகை உடையாமல் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், அந்தப் பக்கமும் இதே அளவுதான் வெந்திருக்கும். அதற்கப்பால் நல்ல கரி இருக்கும். இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஒன்றை மறவாதே. இப்படிப்பட்ட சுவர் ஓர் அணை. அந்தப் பக்கம் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி இந்தப் பக்கத்துக்கு எதுவும் தெரியாது. உடைப்பதற்கு முன்பும், உடைத்த பின் ஒவ்வொரு நாளும், நீண்ட கம்பியால் முன்னே துளையிட்டுப் பார். கம்பி இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

உன் அம்மா அழைத்த வழி மோசமான வழியல்ல. சிமெண்டும் கல்லிலிருந்துதான் வருகிறது.

பெரியம்மா


ஈசுகா
1958 டிசம்பர் 14

அக்காவுக்கு,

இங்கும் குளிர் வந்துவிட்டது. உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. அவன் தன்னுடையதை உரக்கப் படித்துக் காட்டினான், மிகவும் மகிழ்ந்தான். மோஜிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டான்.

இந்த ஆண்டு காம்பை நீளமாக விட்டே வெட்டினேன். ஒரு பழமும் கழன்று விழவில்லை. கூரையோரம் முழுக்கத் தொங்குகின்றன. அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கொடுத்தேன்.

புத்தாண்டு நன்றாக அமையட்டும்.

தமி


ஈசுகா
1959 ஜனவரி 18

பெரியம்மாவுக்குப் புத்தாண்டு வணக்கம்.

அரிசிக் கொழுக்கட்டையைச் சிறிதாக வெட்டித்தான் தின்றீர்களா? ஆண்டுதோறும் உங்கள் வயதில் இரண்டு பேர் அது தொண்டையில் அடைத்தே போகிறார்கள்.

சுவரை உடைத்துவிட்டோம்! நீங்கள் சொன்னபடியே முதலில் விசிறிக்கல், பிறகு அரையும் குறையுமாக ஒன்று, அதற்குப் பிறகு கரி. கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. தொராகிச்சி அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். "உங்க பெரியம்மாவுக்குக் கோயில் கட்டலாம்டா" என்றார். "கட்டினா கூரை ஒழுகுதுன்னு திட்டுவாங்க" என்றேன்.

துளைக்கம்பியைப் பக்கத்துக் குழிக்காரர்களிடம் இரவல் வாங்குகிறோம். அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் கிடைக்கிறது. முன்னே தட்டிப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். கவலை வேண்டாம்.

அம்மா குழியைப் பற்றி எதுவுமே கேட்பதில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் துண்டைத் திட்டத் தொடங்குகிறாள். நன்றாகத்தான் திட்டுகிறாள், அதில் ஒரு குறையுமில்லை.

மொரியோ


செண்டாய்
1959 ஜனவரி 27

மொரியோ,

கொழுக்கட்டையை நான் வெட்டித்தான் தின்றேன். நீ உன் கடிதத்தைத் திரும்பப் படி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதியிருக்கிறாய். கம்பி இல்லாத நாளில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. தட்டிப் பார்த்துக்கொண்டு என்றால் எதால் தட்டி? கோடரிக் காம்பாலா?

இதோடு பணவிடை வருகிறது. சொந்தக் கம்பி வாங்கு. கோயில் வேண்டாம்.

பெரியம்மா


தந்தி
1959 பிப்ரவரி 5

மொரியோ குழியில் இறந்தான். அடக்கம் முடிந்தது. வரவேண்டாம். தமி


ஈசுகா
1959 மார்ச் 8

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

சவுக்கியமா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல முடிவெட்டுற யோனெதா எழுதுறாரு. அவரு வாயைத் திறக்க மாட்டாரு, நல்ல மனுஷன். உங்க மூணு கடிதத்துக்கும் தமியம்மா பதில் போடலைன்னு தபால்காரர் சொன்னாரு. அதான் நானே எழுதறேன்.

நீங்க அனுப்புன பணம் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னிக்குக் கம்பி எங்க முறை இல்ல. "நாளைக்குப் பாத்துக்கலாம்டா"ன்னு நான் சொன்னேன். "ரெண்டே முழம் வெட்டிட்டு வந்துடறேன் தாத்தா"ன்னு சிரிச்சான். எந்தக் காலத்துலயோ யாரோ தோண்டிட்டு, வரைபடத்துல காட்டாம விட்ட பொந்து ஒண்ணு அந்தாண்ட இருந்திருக்கு. முழுக்கத் தண்ணி. உடைச்சுக்கிட்டு வந்துச்சு. நாங்க நாலு பேரும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததால தப்பிச்சோம்.

அவன் மேட்டுமுனைக்கு ஏறிட்டான். அங்க காத்து கொஞ்சம் அடைபட்டு நின்னிருக்கு. தண்டவாளத்துல தட்டினான். நாங்களும் தட்டினோம். பம்பு ஒண்ணுதான் இருந்தது. மறுநாளும் தட்டினான். அதுக்கப்புறம் தட்டறது கொஞ்சம் கொஞ்சமா மெதுவாச்சு. அப்புறம் இல்ல.

எடுத்தப்போ எப்படி இருந்தான்னு எழுத வேணாம்னு நினைச்சேன். ஆனா நீங்க நேரா கேக்கற ஆளு. கையால கல்லைப் பறிச்சிருக்கான். நகம் ஒண்ணுகூட இல்ல. நாங்களே துணியால சுத்தி, பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தமியம்மாவுக்குக் காட்டல.

இப்போ அந்தம்மா தெருவுல போற வர்றவன் எல்லாரையும் நிறுத்தி, "எப்படிப் போனான்? தவிச்சானா?"ன்னு கேக்கறாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கல. நான் பாதை மாத்திப் போறேன். நாங்க என்ன சொன்னாலும் நம்பப்போறதில்ல. நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்த ஊருக்கே தெரியும்; மொரியோ அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெருமையடிச்சான்.

தொராகிச்சி


ஈசுகா
1959 மார்ச் 22

அக்காவுக்கு,

இங்கே செர்ரிப் பூக்கள் வந்துவிட்டன. நீ நலமா?

உன் கடிதங்கள் வந்தன. பிரிக்கவில்லை, எரிக்கவுமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் தவித்தானா? நீ தெரிந்துகொண்டு எழுது. நீ எழுதினால் அதுதான்.

தமி


செண்டாய்
1959 ஏப்ரல் 9

தமிக்கு,

இங்கே பனி உருகிவிட்டது. நான் நலம்.

தொராகிச்சிக்கு எழுதிக் கேட்டு, பதிலும் பெற்ற பிறகே இதை எழுதுகிறேன். நான் வேதியியல் படித்தவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பழைய குழிகளில் நீருக்கு மேல் கெட்ட காற்று தேங்கிக் கிடக்கும். அதில் மூச்சுக்கு வேண்டிய வாயு இல்லை. அதற்கு மணம் கிடையாது. அது கண்ணையும் எரிக்காது. தடுப்பு உடையும்போது நீருக்கு முன்னால் அதுதான் வந்து சேர்கிறது. அதற்குள் அகப்பட்டவனுக்கு நான்கைந்து மூச்சில் நினைவு மங்கிவிடும். மூச்சுத் திணறுகிறது என்றுகூட உடம்புக்குத் தெரியாது. தூக்கம் வருவதுபோல் இருக்கும். தண்ணீர் வந்தபோது அங்கே தவிப்பதற்கு யாரும் இருக்கவில்லை.

அவனை முதலில் கண்டவர் தொராகிச்சி. நடுவேளையில் சற்றுக் கண்ணயர்ந்தவனைப்போல் கரிமேல் சாய்ந்திருந்தானாம். துண்டை நாலாக மடித்துத் தலைக்கு அணையாக வைத்திருந்தானாம். பெட்டியை மூடியது ஊர் வழக்கத்துக்காக மட்டுமே.

நவம்பரில் நான் அவனுக்கு எழுதிய சோதனை முடிவு சரியானது. அதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கில்லை. சரியாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றுமில்லை.

சாப்பிடு. சமைக்க மனமில்லாவிட்டாலும் சமை.

நுயி


செண்டாய்
1959 ஆகஸ்ட் 13

தமிக்கு,

கடும் வெயில். மூத்தோர் ஆவிகள் வீடு திரும்பும் நாள் என்று தெருவெங்கும் விளக்கேற்றுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்பதை நீ அறிவாய். எதிர்வீட்டுப் பெண் ஒரு விளக்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள். கழற்ற ஏணி வேண்டும்; ஏற முழங்கால் வேண்டும். எனவே அது எரிகிறது.

நீ பதில் எழுத வேண்டியதில்லை.

நுயி


ஈசுகா
1959 டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் கழித்து நலம் விசாரிப்பது நன்றாக இராது, ஆனாலும் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி? நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். தெற்குப் பாதையை மூடிவிட்டார்கள். தொராகிச்சி இப்போது பாதை மாற்றிப் போவதில்லை. வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். நான் எதுவும் கேட்பதில்லை என்பதால் அவருக்கு நிம்மதி.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பேரரசி மருத்துவமனைக்கு வந்த படம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்ததல்லவா, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அதை வைத்திருக்கிறேன். வைக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்தாய்; வீட்டில் அம்மாவோடு இருந்தது நான். காலையில் படத்தின் முன் கைகூப்பிவிட்டு எழுந்திருக்கும்போது அம்மா சொல்வாள்: "பாத்தியாடி தமி, பலகை முழுக்கத் தேஞ்சுபோச்சு. பேரரசியோட மூக்கே மங்கிப்போச்சு. உங்க அண்ணன் தலை மட்டும் எப்படிப் பளிச்சுன்னு விழுந்திருக்கு பாரு." அப்பாவுக்குக் கேட்காமல், மெதுவாகத்தான் சொல்வாள். அச்சுக்காரர் வீட்டுப் பெண்சாதி அல்லவா. பழைய பலகையில் செருகிய புதுக்கட்டை எப்போதும் கூடுதல் துலக்கமாகத்தான் விழும் என்பது அவளுக்கா தெரியாது? மறுநாளும் வந்து கைகூப்புவாள்.

மொரியோ பிறந்ததிலிருந்து ஒரு துண்டை மடித்தவனல்ல, அக்கா.

பழங்கள் தனிப் பொட்டலமாக வருகின்றன. காம்பை நீளமாக விட்டே வெட்டினேன். மேலே படிந்திருக்கும் வெள்ளை சர்க்கரைதான்; சோதனைச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே.

தமி